நிலமறிந்து நூலறிதல்

பழைய தேசப்படப் புத்தகங்களைப் பற்றி ஆசிரியருலகில் இருவகைக் கருத்துகள் உள. காலங்கடந்த கடதாசிக் கட்டு எனத் தள்ளுவர் ஒரு சாரார்; முன்னோர் வரைந்தது முற்றும் மெய்யெனப் போற்றுவர் மறு சாரார். இரண்டும் கற்பித்தலுக்கு ஊறு செய்வன என்பதே என் துணிபு.

சான்றாக ஒரு நூலைக் காட்டுவேன். அமெரிக்க மெதடிஸ்த குருவாகிய ஜெசி லைமன் ஹர்ல்பட் என்பார் இயற்றி, 1884இல் சிக்காகோ நகரில் வெளிவந்த வேதாகமப் புவியியற் கைந்நூல், ஓய்வுநாட் பாடசாலைகளில் வேதாகம வரலாற்றைக் கற்பித்தற்கென்றே எழுந்தது. வண்ணத் தேசப்படங்கள், நகரமைப்புப் படங்கள், மீட்டற் பயிற்சிக்குரிய அட்டவணைகள், இடக்காட்சிச் சித்திரங்கள் ஆகியவற்றை உடையது. அதற்கு முன்னுரை வழங்கிய ஜோன் ஹெயில் வின்சென்ற், 1874இல் நியூயோர்க் மாநிலத்துச் சட்டாக்குவா ஏரிக்கரையில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தைத் தொடங்கியவருள் ஒருவர். அங்கே ஏரியை மத்தியதரைக் கடலாகக் கொண்டு, பலஸ்தீனத்தின் மலையையும் ஆற்றையும் மண்ணிற் சமைத்தனர். காலால் நடந்து கற்ற பாடத்தை யார் மறப்பர்?

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியத்திற் பயின்ற நமக்கு இம்முறையின் அருமை எளிதிற் புலனாகும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்றவன் கள்வரிடம் அகப்பட்ட கதையை நோக்குக. கிரேக்க மூலத்தில் அவ்விடத்து நிற்பது இறங்குதலைக் குறிக்கும் வினை. நம்மிடை நெடுநாள் வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்போ வாளா போதலாகவே கூறிச் செல்லும். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,500 அடி. எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழ் 800 அடிக்கும் மிகுதி. இருபது மைலுக்குட்பட்ட வழியில் 3,300 அடி இறக்கம்! இடையே கிடப்பது கள்வர் கரந்துறைதற்கு ஏற்ற வறண்ட மலைநிலம். நீண்ட உரை விளக்காததை உயரங்காட்டும் ஒரு படம் விளக்கிவிடும்.

ஆயினும், தெளிவு தரும் படமே மயக்கமும் தரவல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சித்திரங்கள் தம் காலத்து எருசலேமையே காட்டும். அங்கே ஓங்கித் தோன்றும் பாறைக் குவிமாடம் 691ஆம் ஆண்டளவில் எழுந்தது. நகரைச் சூழ்ந்த மதில் 1537 முதல் 1541 வரை உதுமானிய வேந்தர் சுலைமான் கட்டுவித்தது. ஆசிரியர் வாளாவிருப்பின், இவையெல்லாம் இயேசுவின் கண்முன் நின்றன என்றே மாணாக்கன் கொள்வான்.

இதனினும் பெரிது கோட்டின் மயக்கம். இஸ்ரவேலர் எகிப்தினின்று சென்ற வழியை இத்தகைய புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே கோடாக இழுத்துச் செல்லும். அக்கோட்டின் மை யோர்தான் ஆற்றின் மையைப் போலவே திண்ணிது. யோர்தானைக் கண்டு அளந்தவர் உளர். அவ்வழியை அளந்தவர் யார்? கடந்தது செங்கடலோ நாணற்கடலோ, சீனாய் எம்மலையோ என்பன அறிஞர் இன்றும் முரணி நிற்கும் வினாக்கள். அவற்றை மறைத்துக் கற்பித்தால், பின்னாளில் உண்மை அறியும் மாணாக்கன் கோட்டை மட்டுமா ஐயுறுவான்? நூலையும் ஆசிரியரையும் சேர்த்தன்றோ ஐயுறுவான்!

காட்சி, கருதல், உரை என அளவை மூன்று நம் மரபில் உள. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே விரித்து, இவ்விடம் காட்சியால் அறிந்தது, இவ்வழி கருதலாற் கொண்டது, இப்பெயர் உரையால் வந்தது என மாணாக்கரே பிரித்துக் குறிக்கச் செய்வோமாக. அப்போது பழம்படம் குப்பையுமாகாது, தெய்வமுமாகாது, நல்லதொரு பாடநூலாகும்.