"எத்தனை மணிக்குத் திரும்பி வருவ?" - தெருப் பெண்களை வெளியே கூட்டிப்போகும் அக்காக்களுக்கு!

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் தெருவில் 12 வயதிலிருந்து 17 வயது வரை 14 பெண்கள். மாலையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடிப் படிப்பார்களாம். இவர்தான் எல்லோருக்கும் அக்கா. "எப்பப் பார்த்தாலும் படிப்புதானான்னு கேக்குறாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஜாலியா ஏதாவது பண்ணலாம்னு இருக்கோம். கையில காசு இல்ல. மால், தீம் பார்க் எல்லாம் சொல்லிடாதீங்க!"

சொல்லவில்லை. காசும் இடமும் இதில் பெரிய பிரச்னையே இல்லை என்பது என் எண்ணம். வாசலில் நிற்கும் அம்மா கேட்கும் மூன்று கேள்விகள்தான் பிரச்னை. யார் கூடப் போற? எதுல போற? எத்தனை மணிக்குத் திரும்பி வருவ?

பத்து வயது வரை தெருவில் பையன்களோடு ஓடிப்பிடித்து விளையாடிய பெண், வயதுக்கு வந்த பிறகு மெதுவாக வாசற்படிக்கு உள்ளே போய்விடுகிறாள். யாரும் கதவைப் பூட்டுவதில்லை. 'எதுக்கு இப்ப?' என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதே வீட்டுத் தம்பி பந்தை எடுத்துக்கொண்டு போவான். அவனிடம் யாரும் நேரம் கேட்பதில்லை. அதனால், முதல் அவுட்டிங்கை பிளான் பண்ணும்போதே இரண்டாவது அவுட்டிங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டு ஏழரைக்கு வந்தால், அடுத்த மாதம் 14 பேரில் ஆறு பேர்தான் வருவார்கள். வராத எட்டுப் பேரும் போன மாதம் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

எங்கே போவது என்பதை அக்கா முடிவுசெய்யக் கூடாது என்பது என் முதல் யோசனை. இதற்கு 100 வருடங்களுக்கும் மேலான ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தது. பையன்களுக்கு மட்டுமான இயக்கம் அது. ஆனால் சில பெண்கள் தாங்களே சீருடை தயார்செய்து மாட்டிக்கொண்டு, அழைக்காமலே வந்து நின்று, 'நாங்களும் சாரணர்கள்தான்' என்றார்கள். அடுத்த வருடமே, 1910-ல், பெண்களுக்கான கைடு இயக்கம் பிறந்தது. 1911-ல் ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்கும் வந்துவிட்டது. உங்கள் பள்ளியில் நீல நிறச் சீருடையில் 'கைட்ஸ்' பெண்களைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சீருடையை அல்ல, வேலை பிரிக்கும் முறையை. ஆறிலிருந்து எட்டுப் பேர் ஒரு சிறு அணி. ஒவ்வோர் அணிக்கும் அவர்களிலேயே ஒரு தலைவி. தலைவிகள் கூடி உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். பெரியவர் கூட இருப்பார், ஆனால் ஆணை போட மாட்டார். உங்கள் 14 பேருக்குக் கணக்கு சுலபம். ஏழு ஏழாக இரண்டு அணி. இந்த மாதம் ஓர் அணி பிளான் போடட்டும், அடுத்த மாதம் இன்னொன்று. பெரிய பெண்களை ஓர் அணியிலும் சின்னவர்களை இன்னொன்றிலும் போட்டுவிடாதீர்கள். 17 வயதுக்காரி 'பீச்' என்பாள். 12 வயதுக்காரி 'மியூசியத்துல திமிங்கலத்தோட எலும்பு இருக்காமே' என்பாள். அந்தச் சண்டை நடக்க வேண்டும். பாதுகாப்பு, நேரம், காசு ஆகிய மூன்றில் மட்டும் அக்கா 'முடியாது' என்று சொல்லலாம்.

காசு பற்றி ஒரே ஒரு விஷயம். ஆளுக்கு மாதம் 20 ரூபாய் போட்டால் 280 ரூபாய் சேரும். ஆனால், யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது உண்டியல் வைத்திருக்கும் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் 'இன்னும் தராதவங்க' என்று லிஸ்ட் போட்டால், அந்த 20 ரூபாய்க்காகவே ஒருத்தி 'எனக்கு தலைவலி' என்று வராமல் இருந்துவிடுவாள்.

முதல் மாதம் எங்கேயும் போக வேண்டாம். கேரம் ஆடுங்கள்.

சிரிக்காதீர்கள்! வடசென்னையில் கேரம் என்பது மழைக்காலப் பொழுதுபோக்கு அல்ல. வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்கு அப்போது வயது 17. ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. உங்கள் மாடியில் கூடும் மூத்த பெண்ணின் வயதுதான் அப்போது அவருக்கும். இரண்டு முறை உலக சாம்பியனாகி, கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான்.

இந்த விளையாட்டு நம் பகுதிப் பெண்களுக்கு ஏன் கைகொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மைதானம் வேண்டாம். தனி உடுப்பு வேண்டாம். நாலு பேர் உட்காரும் இடம் போதும். அம்மா அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதமே 'வெளியே' என்று ஆரம்பித்தால் தயங்கும் வீடுகள், 'நம்ம மாடியில கேரம் டோர்னமென்ட்' என்றால் தட்டு நிறைய சுண்டலோடு வரும். அம்மாக்கள் உங்கள் குழுவை நேரில் பார்ப்பதற்கும் அதுதான் வழி.

இரண்டு போர்டு இரவல் வாங்குங்கள். தெருவில் நிச்சயம் இருக்கும். பவுடர் செலவு மட்டும்தான். இரட்டையர் ஆட்டமாக வைத்தால் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் ஆடலாம். மீதி ஆறு பேரில் இருவர் நடுவர், இருவர் ஸ்கோர், இருவர் அடுத்து ஆடக் காத்திருப்பவர்கள். போட்டி விதிப்படியே ஆடுங்கள். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ராணி ஒன்று. ராணியைப் போட்டால் அடுத்து நம் காய் ஒன்றைப் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை ஓர் ஆட்டம். ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாலு போர்டு என்று குறைத்துக்கொள்ளலாம். பரிசாக ஒரு புது ஸ்ட்ரைக்கர் கொடுங்கள். கோப்பையைவிட அதுதான் கையில் தங்கும்.

அடுத்த மாதம் கொஞ்சம் தூரம் போகலாம். வெள்ளை போர்டு போட்ட சாதாரண கட்டண பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 'விடியல் பயணம்' என்று பெயர். முன்பக்கம் பிங்க் கலர் அடித்த பஸ் வந்தால் ஏறிக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, போகும் ரயிலைப் பிறகு பாருங்கள்.

எழும்பூர் மியூசியம் 1851-ல் ஆரம்பித்தது. திமிங்கல எலும்புக்கூடும் வெண்கலச் சிலைகளும் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பள்ளியில் கூட்டிப்போகும்போது வரிசையில் நின்று 'நகரு நகரு' என்று பார்த்தது வேறு. இப்போது ஒவ்வோர் அணிக்கும் ஐந்து பொருள்களைக் கண்டுபிடிக்கும் போட்டி வைத்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது என்னவோ, ராயபுரத்திலேயே நடப்பது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. தூண்கள் வைத்த அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டி டியூஷன் போகிறவர்களுக்கே இது தெரிந்திருக்காது. அங்கிருந்து நடந்தால் படகோட்டி மக்கள் கட்டிய ராயப்பர் கோயில். ஊருக்கு ராயபுரம் என்று பெயர் வந்ததே அவரால் என்பார்கள். பார்சிக்காரர்களின் அக்னி கோயிலும் இங்கேதான் இருக்கிறது. மற்றவர்கள் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டுப் பெண் ஒருத்தி உங்கள் குழுவில் இருந்தால், மீன்பிடித் துறைமுகத்துக்கு அவள்தான் கைடு. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்த மீன் எந்த மாதம், ஏலத்தில் எப்படி விலை ஏறும் என்று அவள் சொல்லும்போது, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண்ணா இவள் என்று இருக்கும்.

முடித்துவிட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ சாப்பிடலாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சுவை. வாழைத்தண்டு சூப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மெரினாவுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனால் ஒரு கதை சொல்லுங்கள். நம் கடற்கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தேங்கி, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அதனால்தான் நமக்குக் கருங்கல், அவர்களுக்கு மணல். அந்தக் கருங்கற்களின் மேல் மட்டும் செல்ஃபிக்காக ஏற வேண்டாம். பாசி வழுக்கும், கற்களின் இடையில் கால் மாட்டும். எண்ணூர் கழிமுகத்துக்குப் போனால் பறவை பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தது இங்கேதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும். 14 பேரைக் குறுக்கே கடக்க வைக்கும் இடமல்ல அது. அங்கே அக்கா தாராளமாக 'முடியாது' சொல்லலாம்.

எந்த ஊர் டூர் பிளானிலும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன்: கழிவறை எங்கே என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்யுங்கள். மியூசியமும் மெட்ரோ ஸ்டேஷன்களும் பெரிதும் உதவும். கடற்கரையில் கஷ்டம். பாதிப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். ஏன் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், நமக்கும் தெரியும். பையில் நாப்கின் நான்கைந்து, ஒரு பழைய சுடிதார் டாப், செய்தித்தாள், தண்ணீர் பாட்டில். பீரியட்ஸ் நாள் என்பதற்காக யாரும் வீட்டில் தங்க வேண்டியதில்லை என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

போட்டோ எடுக்கலாம். ஸ்டேட்டஸில் போடும் முன் படத்தில் இருக்கும் எல்லோரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தி வேண்டாம் என்றாலும் அந்தப் படம் கிடையாது, காரணம் கேட்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. மூன்றையும் எல்லோருடைய நோட்டிலும் பேனாவால் எழுத வையுங்கள். செல்போன் சார்ஜ் இறங்கிப் போகும், எல்லோரிடமும் போன் இருக்கவும் இருக்காது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் போதாது. "ஆன்ட்டி, நாலரைக்கெல்லாம் மியூசியத்துல இருந்து கிளம்பிடுவோம். ஆறு மணிக்குத் தெருமுனையில இருப்போம்." ஐந்தே முக்காலுக்கு வரும்படி பிளான் போட்டுவிட்டு ஆறு என்று சொல்லுங்கள். ஒரு அம்மாவைக் கூடவே கூப்பிடுங்கள். பலரும் கல்யாணத்துக்குப் பிறகு மியூசியம் பக்கமே போயிருக்க மாட்டார்கள். "நானா, எனக்கு வேல இருக்குது" என்பார். இரண்டாவது தடவையும் கூப்பிடுங்கள்.