சாவியோடு ஒரு காகிதம்

இங்கிலாந்தில் தனியார் வீட்டை வாடகைக்கு விடுபவர் பொதுவாக, அட்வான்ஸ் வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த காப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். அத்தோடு கடமை முடிவதில்லை. பணம் எங்கே இருக்கிறது, எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம், தகராறு வந்தால் என்ன வழி என்பதை எழுத்தில் குடியிருப்பவரிடம் தரவும் வேண்டும். பணத்தைச் சேர்த்துவிட்டு இந்தத் தாளை மட்டும் தராமல் விட்டாலும் தவறுதான். வழக்குப் போட்டால், அட்வான்ஸைப்போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கொடுக்க நேரும்.

இந்தக் கண்டிப்பு சரியானது என்றே நினைக்கிறேன். காலி செய்யும் நாளில் ‘பெயின்ட் அடிக்க இவ்வளவு’ என்று கழிக்கும்போது பேச வழியில்லாமல் நிற்பவர் பெரும்பாலும் ஊருக்குப் புதியவர். அங்கே படிக்கப் போன நம் பிள்ளைகளும் அதில் உண்டு. தமிழ்நாட்டிலும் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அசல் பிரதி வீட்டுக்காரர் பீரோவில். குடியிருப்பவர் கையில் மங்கலான ஜெராக்ஸ். சிலருக்கு அதுவும் இல்லை. கேட்டால், ‘எங்கமேல நம்பிக்கை இல்லையா?’ என்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது. இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றைச் சாவி கொடுக்கும்போதே சேர்த்துக் கொடுங்கள்.