பிரமை இல்லீங்க, காஸ்!

"லேசா காஸ் வாடை வருதுங்க" என்று நாம் சொன்னால், பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே "உனக்கு எப்பவும் பிரமைதான்" என்று பதில் வருகிற வீடுகள் நிறைய. காஸுக்கு இயற்கையில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அப்புறம் அது எப்படி பிரமையாகும்?

சில வீட்டில் தீக்குச்சியைக் கிழித்து டியூப் பக்கம் காட்டிப் பார்க்கும் சூரர்களும் உண்டு. முதலில் அவர்களை சமையலறையை விட்டுத் துரத்த வேண்டும்! ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து விட்டு, லைட், ஃபேன் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இந்த காஸ் காற்றை விடக் கனம். தரையோடு தேங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசற்கதவும் திறக்கணும்.

ஆயிரக்கணக்கில் புடவை எடுப்பவர்கள், 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய ரப்பர் டியூபுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது ஏனோ?

"சாயங்காலம் அவர் வரட்டும்" என்றும் காத்திருக்க வேண்டாம். காஸ் கசிவுக்கென்றே 1906 என்ற எண் இருக்கிறது. ராத்திரியிலும் கூப்பிடலாம். ஆனால், போனை வாசலுக்கு வந்து பண்ணுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.