சாவியைக் கேட்பதற்கு முன்

வயதான தகப்பனாரிடம் இனி கார் ஓட்ட வேண்டாம் என்று யார் சொல்வது? தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இது வாய்விட்டுப் பேசப்படாத பிரச்சினை. பிள்ளை பெங்களூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ போனில் உத்தரவு போடுகிறான். "என் லைசென்ஸ் இன்னும் இருக்கிறதே" என்கிறார் அப்பா. எனக்கு வயது அறுபத்தெட்டு, நானும் மாருதி ஓட்டுகிறவன்தான். ஆகவே அப்பாக்கள் கட்சியை என்னால் அடியோடு விட்டுவிட முடியவில்லை.

ஆனால் லைசென்ஸைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. 55 வயதுக்கு மேல் அதை ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கிறார்கள். ஐந்தாண்டில் கண் என்ன ஆகும் என்று யார் கண்டது? டாக்டர் சான்றிதழில் நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்துக் கார் நம்பர் தெரிகிறதா என்று ஒரு கேள்வி. கண்புரை ஆரம்பித்தவருக்குத் தொல்லை பகலிலா? சாயங்காலம் ரிங் ரோடில், எதிர்ப்பக்க ஹெட்லைட்டில்தான். குளுக்கோமா இன்னும் மோசம். பக்கப் பார்வை போவது அவருக்கே தெரியாது.

ரயில்வேயில் டிரைவரின் (இப்போது லோகோ பைலட் என்கிறார்கள்) தகுதியை அவரும் தீர்மானிப்பதில்லை, அவர் மகனும் தீர்மானிப்பதில்லை. ரயில்வே டாக்டர் கண்ணைச் சோதிப்பார். வயது ஏற ஏற அடிக்கடி சோதிப்பார். லோகோ இன்ஸ்பெக்டர் இன்ஜினில் கூடவே போய்ப் பார்ப்பார். லீவில் வரும் பிள்ளையும், கண் டாக்டரிடம் காட்டிய கையோடு, இருட்டும் வேளையில் ஒரு மணி நேரம் அப்பா பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து போய்வரட்டும். பிரேக் தாமதமாகிறதா, பழகிய திருப்பத்தைத் தவற விடுகிறாரா, இடது கதவில் புதுக் கீறல் உண்டா என்று பார்க்கட்டும்.

சிறு குறை என்றால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. பாலம் பலவீனப்பட்டால் நாங்கள் முதலில் வேகக் கட்டுப்பாடுதான் போடுவோம். இருட்டிய பின் வேண்டாம், டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வேண்டாம் என்று ஆரம்பிக்கலாம். தெரிந்த தெருவில் வழி மறந்து நிற்கிறார் என்றால் மட்டும் பேச்சே இல்லை, அன்றோடு சரி.

நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். கண் பார்வையில் தேறாத டிரைவரை ரயில்வே வீட்டுக்கு அனுப்புவதில்லை, மாற்று வேலை கொடுக்கும். சாவியை வாங்குகிற பிள்ளை என்ன கொடுக்கிறான்? அப்பா கார் நின்றால் கூடவே நிற்பது அம்மா. நாற்பது வருஷம் தில்லியில் இருந்தும் காய்கறிக்காரனோடு பேசுமளவுக்குத்தான் ஹிந்தி. கிருத்திகைக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர், கரோல் பாகில் தங்கை வீடு, பல் டாக்டர், எல்லாம் அந்தக் காரில்தான். செல்போனில் டாக்ஸி கூப்பிடலாமே என்பார்கள். டாக்ஸிக்காரர் போன் செய்து ஹிந்தியில் அடையாளம் கேட்டதும் அம்மா போனை வைத்துவிடுவாள்.

அதனால், காரை விற்க அவசரப்படாதீர்கள். தெரிந்த டிரைவர் ஒருவரை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லட்டும். ஒரு மாதம் இப்படி ஓடட்டும். பிறகு சாவியைக் கேளுங்கள்.