மலை ஏறும் பிள்ளைகளும் மலையில் வாழும் பிள்ளைகளும்

பழைய நண்பர் ஒருவரின் பேத்தி கனடாவிலிருந்து ஒரு பருவக் கல்விக்காகக் கண்டிக்கு வந்திருந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை விரிவுரைகள். சனி, ஞாயிறு தோளில் ஒரு பை, காலில் ஒரு சப்பாத்து, எங்காவது ஒரு மலை. "தாத்தா, இந்த வாரம் ரிவஸ்டன் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தாள். எழுபதைக் கடந்த முழங்கால்கள் தடுத்தன, ஆசை வென்றது. போனேன்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிளகும் ஏலமும் மணக்கும் தோட்டங்களைத் தாண்டினால் பனி வந்து முகத்தில் அறைகிறது. மடக்கிய விரல் முட்டிகளைப் போலத் தெரிந்ததால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட மலைத்தொடர் அது; மிக உயர்ந்த சிகரம் 1,900 மீட்டருக்கு மேல். 2010ஆம் ஆண்டு இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இந்த மலைகளும் அதில் இடம்பெற்றன. மழை பெய்தால் அட்டை. வெயில் அடித்தால் பிட்டவல பத்தனையின் புல்வெளி. இரண்டுமே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

இந்தக் கொண்டாட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் படிப்பது என்பது நூலகத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஒரு நாட்டின் மண்ணைக் காலால் அறியாதவர் அந்த நாட்டைப் படித்தவர் ஆகார்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்து லயத்தருகே தேநீருக்காக நின்றோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். "நீங்களும் மலை ஏறப் போவீர்களா?" என்று இவள் ஆர்வத்தோடு கேட்டாள்.

"மலை ஏறுறதா? தினமும் ஏறுறோமே அக்கா, கொழுந்து பறிக்க" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

சிரிப்பு அவளுடையது. வெட்கம் எனக்கு.

ஏன் வெட்கம்? நாற்பது ஆண்டு நாளேட்டுப் பணியில் இந்த மலைகளின் அழகைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். அருவி இருந்தது, பனி இருந்தது, பறவை இருந்தது. கூடை சுமந்தவர்கள் மட்டும் அந்தக் கட்டுரைகளில் இல்லை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் தோணி இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே வீழ்த்தின. பிழைத்து வந்தவர்கள் இங்கிருந்தே மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். மலையகத் தமிழரின் வரலாற்றுக்கு மாத்தளை தலைவாசல். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றது. பதினாறு நாட்கள். முன்னோர் உயிரைக் கொடுத்து நடந்த பாதையை, பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு நடந்தார்கள்.

வார இறுதியில் விளையாட வந்த பிள்ளைகள் மீது வரலாற்றுச் சுமையை ஏற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சீகிரியாவில் ஏறும்போது காசியப்பன் கதையைக் கேட்கிறோமே, அது சுமையாகவா இருக்கிறது? மன்னனின் கதை சுவையென்றால் கூலியின் கதை மட்டும் எப்படிப் பாரமாகும்?

ஆகவே, மாணவர்களை இங்கு அனுப்பும் கல்லூரிகளுக்கும் ஏற்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சில விண்ணப்பங்கள். ஒரு சனிக்கிழமையையாவது சிகரத்துக்குப் பதில் நாலந்தையிலிருந்து மாத்தளை வரும் பழைய வழிக்கு ஒதுக்குங்கள். மலை ஏறும்போது வழிகாட்டிகளாகத் தோட்டத்து இளைஞர்களைப் பயிற்றி, முறையான ஊதியம் கொடுங்கள். வண்டியில் இரண்டு இருக்கைகளைத் தோட்டப் பள்ளி மாணவர்களுக்காக வைத்திருங்கள். மலையை வேலைத்தளமாக மட்டுமே கண்ட பிள்ளை, ஒருநாளாவது கூடையில்லாமல் அதன் உச்சியில் நிற்கட்டும்.

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளைகள் ஊர் பார்க்க வருகிறார்கள் என்றால் யாழ்ப்பாணத்தோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மாத்தளையிலும் நமக்கு உறவுண்டு.

அன்று மாலை கண்டி திரும்பும்போது, வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகின்ற என் நண்பரின் பேத்தி ஒன்றும் பேசவில்லை. பேராதனையை நெருங்கியபோது மட்டும் கேட்டாள்: "தாத்தா, அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை முடிவு எப்போது வரும்?"

கேள்வி சரியானதுதான். அந்த முடிவு நல்லதாக வந்தால், அவள் எங்கே போய்ப் படிப்பாள், யார் அனுப்புவார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.