தூங்க வைத்துத்தான் கூட்டிப் போக வேண்டுமா?

"டாக்டர், சென்னையில கல்யாணம். கார்ல போறோம். ஒன்றரை வயசுப் பயல் அழாம தூங்க ஏதாச்சும் கொடுங்களேன். சித்த மருந்துன்னா பக்கவிளைவு கிடையாதே!"

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நான் கொடுப்பதில்லை. சித்த மருந்தும் மருந்துதானே! தூக்கத்துக்காக வசம்பை அதிகமாக உரைத்துப் புகட்டுவதும் தப்பு. சளி சிரப்பை ஊற்றுவதும் தப்பு. அவற்றில் சிலவற்றில் உள்ள புரோமெதசின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக் கூடும்.

குழந்தையை மாற்றாதீர்கள், பயணத்தை மாற்றுங்கள். அது வழக்கமாகத் தூங்கும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். வயிறு முட்டப் பால் கொடுத்து ஏற்றினால் வாந்திதான். இட்லி, வாழைப்பழம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று நிறுத்தி, கொஞ்சம் நடக்க விடுங்கள்.

முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது பாசமில்லை. சடன் பிரேக் போட்டால் உங்கள் கை தாங்காது. பின் சீட்டில், குழந்தைக்கான இருக்கையில், பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை இப்படிப் பாதுகாப்பில்லாமல் அழைத்துப் போனால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம்.

ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன? கல்யாண மண்டபம் எங்கேயும் ஓடிவிடாது!