கிரகரி ஏரியும் பீலித் தண்ணீரும்

நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகால விழாவுக்குப் போய் வந்தவர்கள், "பிள்ளைகள் நன்றாக அனுபவித்தார்கள்" என்கிறார்கள். யாருடைய பிள்ளைகள்?

நானும் ஒருமுறை வலப்பனையிலிருந்து இராகலை வழியாகப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், பிறகு 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரி அமைத்த ஏரி. படகுக்கு ஒரு கட்டணம், குதிரைச் சவாரிக்கு இன்னொன்று. என் பேரன் மூன்று முறை ஏறினான். தடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயை எட்டவே 2024 ஆக வேண்டியிருந்தது. மூன்று பிள்ளைகளின் தகப்பன் பஸ்ஸுக்குக் கொடுத்தபின் எந்தச் சவாரிக்குக் கொடுப்பான்?

லயத்துப் பிள்ளை தண்ணீரோடு விளையாடுவது பீலியடியில், குடம் நிறையும் வரைதான். மழை வலுத்தால் அந்தத் தண்ணீரே மலையைப் பெயர்த்துக்கொண்டு வரும். 2007 ஜனவரியில் வலப்பனை மண்சரிவில் மாண்டவர்களை விழாக்காரர்கள் நினைப்பதுண்டா?

"எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்கிறீரே" என்பார்கள். ஆம், கேட்கிறேன். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்தப் பச்சையை வளர்த்தவர்களின் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். வருகிற ஏப்ரலில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள். படகு மட்டும் போதாது, பஸ்ஸையும் அனுப்புங்கள்.